வாசல்வரை கூட்டிப்போன ரோம்

நேற்று மாலை அந்தச் சுற்றுலா நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் ரோமாபுரிப் பயணம் மறக்க முடியாததாக அமைந்தமைக்கு மகிழ்ச்சி தெரிவித்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த பயணத்தில் தள்ளுபடி உண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள். அடுத்த பயணமாம்! மறக்க முடியாதது என்பது மட்டும் சத்தியம்.

கோவையில் கிளம்பும் இந்தக் குழுச்சுற்றுலாவில் நீங்களும் போயிருப்பீர்கள். போகாவிட்டால் உங்கள் சம்பந்தி போய்வந்து படம் காட்டியிருப்பார். ஆகவே விளக்கம் தேவையில்லை. நேராகக் கொலோசியம் என்ற பழைய ரோமானிய விளையாட்டரங்குக்கு வருகிறேன்.

பேருந்தை அருகில் நிறுத்த அனுமதி இல்லை என்பதால் தொலைவில் இறக்கிவிட்டார்கள். இறங்குவதற்கே ஒரு யுகம் ஆயிற்று. பிறகு தலை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணியபோது ஒரு தலை கூடியது. குறைந்த தலை கழிப்பறை தேடிப்போன கோபிக்காரப் பெரியவருடையது என்றும், கூடிய தலை யாரோ ஒரு மலையாளியுடையது என்றும் தெரிவதற்குள் கால்மணி நேரம் கரைந்துவிட்டது. அதன் பிறகுதான் பேனர் வெளியே வந்தது. ஆம், பேனர். நிறுவனத்தின் பெயர் பொறித்த அந்த நெகிழித் துணியை எல்லோரும் பிடித்துக்கொண்டு, பின்னணியில் கொலோசியம் தெரியும்படி படமெடுத்தால்தான் சுற்றுலா நடந்ததாகக் கணக்காம். காற்றில் அது மடங்கியது. மடங்கிய இடத்தில் தொலைபேசி எண் மறைந்தது. "அண்ணா, அந்த மூலைய சித்தெ இழுத்துப் புடிங்க, நெம்பர் தெரியோணும்" என்று மேலாளர்த் தம்பி என்னிடம் சொல்ல, ஈராயிரம் ஆண்டு வரலாற்றின் முன்னால் நின்று, எவனோ ஒருவனுடைய கைபேசி எண் சுருக்கமில்லாமல் தெரிவதற்காக நான் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்தார்கள். பெண்கள் மட்டும் தனியாக எடுத்தார்கள். தம்பதிகளாக எடுத்தார்கள். பெரியவர் திரும்பி வந்தார். அவரைச் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தலைக்கு மேலே ஒரு வளைவு. அதன் உச்சியில் ரோமானிய எழுத்தில் 52 என்று வெட்டியிருந்தது. மழையிலும் புகையிலும் கல் கறுத்திருந்தாலும் எழுத்தின் பள்ளம் இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. கொலோசியத்துக்கு 80 நுழைவாயில்கள். அவற்றில் 76க்கு இப்படி எண் இட்டிருந்தார்கள். சுமார் 50,000 பேர், அவரவர்க்குரிய எண்ணைப் பார்த்து, அவரவர் வாசலில் நுழைந்து, அவரவர் வரிசையில் உட்கார்ந்த கட்டடம் அது. அதன் வாசலில் ஒரு பேருந்துக் கூட்டத்தின் தலையை எண்ணத் தெரியாமல் நாங்கள் நின்றோம்.

"உள்ள எப்பங்க போறோம்?" என்று கேட்டேன். தம்பி பரிதாபமாகச் சிரித்தார். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பெயர் கொடுத்து, நேரம் குறித்து வாங்க வேண்டுமாம். அதற்கு நேரம் போதாதாம். நமது திட்டத்தில் வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தானாம். அந்த ஒரே சீட்டில் பக்கத்திலுள்ள ஃபோரம் என்ற பழைய நகரச் சதுக்கத்தையும் பாலட்டைன் குன்றையும் சேர்த்தியாகவே பார்க்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் கட்டிய பணத்தில் அந்தச் சீட்டுக்கு இடமில்லை. ஆனால் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் நாளொன்றுக்கு இத்தனை யூரோ என்று கட்டாய அன்பளிப்பை விமான நிலையத்திலேயே வசூலித்துவிட்டார்கள். கட்டாய அன்பளிப்பு எந்த ஊர் நியாயம்?

சரி, நேரம் போதாது என்றார்களே, அந்த நேரம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். இந்திய உணவகத்துக்குப் போயிற்று. ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு நிலவறை. எங்களுக்கு முன்னால் வேறொரு பேருந்துக் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களைப் போலப் படிக்கட்டில் வரிசையாக நின்றோம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிடைத்தது, ஆறிப்போன பன்னீர்க் குழம்பும் நமத்த அப்பளமும். காங்கயத்து அக்கா ஒருவர், "தயிரு ஒரு கரண்டி இருந்தாப் போதுங்க" என்று கேட்டதற்கு, அது தனிக்காசு என்றார்கள்.

அடுத்து தோல்பைக் கடை. கொலோசியத்துக்கு இல்லாத நேரம் தோல்பைக்கு இருந்தது. எங்களோடு வந்த திருப்பூர்க்காரர், ரோம் என்று அச்சிட்டுத் தொங்கவிட்டிருந்த ஒரு பனியனை இரு விரலால் தேய்த்துத் துணியின் கனம் பார்த்து, "நூத்தம்பது ஜிஎஸ்எம் வராதுங்க, துவச்சாப் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முழுவதும் எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பொருளை ஊன்றிப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தண்ணீர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் ஓட்டுநர் ஒரு பாட்டில் ஒரு யூரோ என்று விற்றார். ரோம் நகரத் தெருக்களில் ஏறக்குறைய 2,500 குடிநீர்க் குழாய்கள் இரவுபகலாகச் சும்மா ஊற்றிக்கொண்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். இதை ஊருக்கு வந்த பிறகு பேரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். ட்ரெவி நீரூற்றில் விழும் தண்ணீர்கூட, கி.மு. 19இல் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி வெட்டிய கால்வாய் வழியிலேயே வருகிறது. அதைச் சொல்ல வழிகாட்டிக்கு வாய் வரவில்லை. முதுகைக் காட்டி நின்று காசு எறியச் சொல்ல மட்டும் வந்தது. எறிந்தோம். எல்லோரும் எறிந்தோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் சென்னிமலைப் பக்கத்துக்காரன். நொய்யல் கரையில் கொடுமணல் எங்களுக்குப் பக்கத்து ஊர். மணியும் இரும்பும் செய்த அந்த ஊர் ரோமானியர் காலத்திலேயே கடல்கடந்த வணிகத்தில் இருந்தது. படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். வெள்ளலூரில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிப் புலம்பினார். அந்தக் காசு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்க்கத்தான் நான் போனேன். பார்த்தது என்ன? தண்ணீர் பாட்டிலுக்கும், தயிருக்கும், நீரூற்றுக்குமாகப் பிளினியின் நிலுவையைக் கொங்கு நாட்டார் வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

நட்சத்திரம் கேட்கிறார்கள். நிறுவனத்தின் செய்திக்குப் பதில் எழுத உட்கார்ந்து, ஆத்திரத்தில் பிளினியைப் பற்றித் தேடிப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80இல், மனிதர் 79இலேயே வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். சாரம் கட்டி வேலை நடந்த காலத்தில் அந்த நகரில் வாழ்ந்தவர், ஆட்டம் பார்க்க உள்ளே போகவே இல்லை. பேனரைப் பிடிக்கச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அந்த மட்டில் அவர் தப்பித்தார்.