ஒரே மெட்ரோவில் மூன்று நியாயம்

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நான் வசிக்கும் பகுதியில், ஒரு மெட்ரோ ரயில் ஓடுகிறது. செயின்ட் ஜேம்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் கண் முன்னே நியூகாசில் யுனைடெட் மைதானம் மலை மாதிரி நிற்கும். ஸ்டேடியம் ஆஃப் லைட் ஸ்டேஷனில் இறங்கினால் சண்டர்லாந்து அணியின் மைதானம். இரண்டுக்கும் போகாமல் சவுத் ஷீல்ட்ஸ் போகும் ரயிலில் ஏறி, பீட் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, தொழிற்பேட்டைக் கட்டடங்களை ஒட்டி நடந்தால் மரைனர்ஸ் பார்க் வரும். சவுத் ஷீல்ட்ஸ் கால்பந்து அணியின் வீடு அது. காலையில் கிளம்பினால் மூன்று மைதானத்தையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து மூன்று மைதானங்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டன. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்று வரை ஆறவில்லை. நியூகாசில் ஆடும் பிரீமியர் லீகைப் பொறுமையாகக் காத்திருந்து ஜூன் 17 அன்று மறுபடி தொடங்கி, மிச்சமிருந்த எல்லா ஆட்டங்களையும் ஆடி முடித்தார்கள். சண்டர்லாந்து அப்போது மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் இருந்தது. அங்கே ஆட்டங்களை நிறுத்திக்கொண்டு, அதுவரை ஒவ்வொரு அணியும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தது என்று கணக்குப் போட்டு இறுதிப் பட்டியலை அறிவித்தார்கள். ஏழாம் அடுக்கில், நார்தர்ன் பிரீமியர் லீகில் 12 புள்ளி முன்னிலையில் முதலிடத்தில் இருந்த சவுத் ஷீல்ட்ஸுக்கு என்ன கிடைத்தது? மார்ச் 26 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்திடமிருந்து (எஃப்.ஏ.) ஓர் அறிவிப்பு. சீசனே நடக்கவில்லை, எல்லா முடிவுகளும் அழிக்கப்படுகின்றன என்றார்கள்.

நிறுத்தப்படுகின்றன என்று சொல்லியிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர்கள் சொன்ன வார்த்தை அழிக்கப்படுகின்றன என்பது.

இந்த அடுக்குகள் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிவியில் நாம் பார்க்கும் பிரீமியர் லீக் உச்சி. அதன் கீழே மூன்று அடுக்கு முழுநேரத் தொழில்முறை லீகுகள். ஐந்தாவது நேஷனல் லீக், ஆறாவது நேஷனல் லீகின் வடக்கு, தெற்குப் பிரிவுகள். ஏழாவதிலிருந்து நாடு வட்டாரம் வட்டாரமாகப் பிரியும். நார்தர்ன் பிரீமியர் லீக் அங்கேதான் வருகிறது. இன்னும் இரண்டு படி கீழே போனால் நார்தர்ன் லீக். 1889-ல் தொடங்கியது. இன்றும் நடந்துகொண்டிருக்கும் கால்பந்து லீகுகளில் உலகத்திலேயே இரண்டாவது பழமையானது. கீழ் அடுக்கில் ஜெயித்தால் மேலே போகலாம், மேலே தோற்றால் கீழே வரவேண்டும். பத்தாம் அடுக்கில் ஆடும் ஒரு கிராமத்து அணிக்கும் உச்சிக்குமான ஏணி காகிதத்தில் ஒரே ஏணிதான். இந்த நாட்டுக் கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

அந்த ஏணியில் சவுத் ஷீல்ட்ஸ் ஏறி வந்த கதையைச் சொன்னால்தான் அந்த 12 புள்ளியின் எடை புரியும். 2013-ல் சொந்த மைதானம் கையை விட்டுப் போய், ஏறக்குறைய 20 மைல் தள்ளி பீட்டர்லி என்ற ஊரில் போய் ஆடினார்கள். ஊர் அணிக்கு ஊரில் இடமில்லை. நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். 2015-ல் ஜெஃப் தாம்சன் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் அணியை எடுத்து, பழைய மைதானத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார். வந்த முதல் சீசனில் நார்தர்ன் லீகின் இரண்டாம் பிரிவை வென்றார்கள். அடுத்த சீசனில் முதல் பிரிவு, டர்ஹம் சேலஞ்ச் கோப்பை, லீக் கோப்பை எல்லாவற்றையும் வென்று, 2017 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி தேசிய மைதானத்தில் கிளீதார்ப்ஸ் டவுனை 4-0 என்று வீழ்த்தி, கீழ் அடுக்கு அணிகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையையும் தூக்கினார்கள். அன்றைய கேப்டன் ஹூலியோ ஆர்க்கா, ஒரு காலத்தில் சண்டர்லாந்துக்காகப் பிரீமியர் லீக் ஆடிய அர்ஜென்டினாக்காரர். அதற்கடுத்த வருடம் இன்னொரு பட்டம், இன்னொரு படி. 2018-19-ல் மட்டும் இரண்டாமிடத்தில் முடித்து, மேலே போக மிச்சமிருக்கும் இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் வாரிங்டனிடம் தோற்று வாசலிலேயே நின்றார்கள். அதனால் 2019-20 தொடங்கும்போதே ஊரில் எல்லோருக்கும் தெரியும், இந்த முறை யாரையும் நம்பாமல் நேராக முதலிடத்தில் முடிக்க வேண்டும் என்று. அப்படித்தான் ஆடினார்கள். சீசன் முக்கால்வாசி தாண்டியிருந்தது.

நான் அங்கே போக ஆரம்பித்தது கூட வேலை பார்த்த நண்பர் கூப்பிட்டதால். பெரிய மைதானத்தில் நாம் பார்வையாளர். இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கோல்கீப்பர் தன் தடுப்பு வீரர்களைத் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். பந்து பக்கவாட்டில் வெளியே வந்தால் நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். டீ விற்பவர், டிக்கெட் கிழிப்பவர், கொடிக்கம்பு நடுபவர் எல்லோரும் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள்.

கம்பியோரத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. பீட்டர்லி காலத்திலும் ஓர் ஆட்டம் விடாமல் போனவர். கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். சீசன் அட்டவணை வந்ததும் எல்லா ஆட்டங்களையும் தேதியோடு பென்சிலில் எழுதிவிடுவார். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் ஸ்கோரையும், கோல் அடித்தவர் பெயரையும், வந்த கூட்டத்தையும் அதே வரியில் பேனாவால் நிரப்புவார். 2019-20 நோட்டை மறுபடி மைதானம் திறந்தபிறகு எனக்குக் காட்டினார். மார்ச் வரைக்கும் நீல மை. அதற்குக் கீழே வெறும் பென்சில் வரிகள், எதிரணியின் பெயரும் தேதியும் மட்டும். எதையும் அவர் ரப்பரால் அழித்திருக்கவில்லை. "இவையெல்லாம் நடக்கவில்லை என்கிறார்கள்" என்று நீல மை வரிகள் மேல் விரலை வைத்துச் சொன்னார். "அந்த மழையில் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் அப்புறம்?"

எனக்குப் பதில் வரவில்லை.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்ப்போம். அது ஒன்றுமில்லாத வாதம் என்று நான் சொல்லவில்லை. ஆள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். கீழ் அடுக்கு அணிகளுக்கு டிவி பணம் கிடையாது. வாசல் வசூலும், கிளப் பாரும், மைதானத்தைச் சுற்றி வைக்கும் விளம்பரப் பலகையும்தான் வருமானம். ரசிகர்கள் இல்லாமல் ஆடினால் ஒவ்வோர் ஆட்டமும் கைக்காசு. வீரர்களின் ஒப்பந்தமும் சீசனோடு முடிந்துவிடும். ஆகவே ஆட்டத்தை நிறுத்தியது சரி. ஆனால் நிறுத்துவதற்கும் அழிப்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. மார்ச் 23-ல்தான் நாட்டில் ஊரடங்கு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இந்த முடிவு. ஏப்ரல் 9-ல் கால்பந்துச் சங்கத்தின் கவுன்சில் அதற்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டது. பல கிளப்புகள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. சவுத் ஷீல்ட்ஸ் சட்ட வழியிலும் போய்ப் பார்த்தது. எதுவும் நகரவில்லை.

அப்போது அதே சங்கத்தின் குடையின் கீழ் இருந்த பெண்கள் சூப்பர் லீகில் என்ன செய்தார்கள்? மான்செஸ்டர் சிட்டி ஒரு புள்ளி முன்னே இருந்தது. செல்சி ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது. சராசரி போட்டு செல்சிக்குப் பட்டம் கொடுத்தார்கள். சவுத் ஷீல்ட்ஸுக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கும் நேஷனல் லீக் வடக்கில் யார்க் சிட்டி முதலிடம், கிங்ஸ் லின் டவுன் இரண்டு புள்ளி பின்னால், ஆனால் ஆடியிருந்தது யார்க்கைவிடக் குறைவான ஆட்டங்கள். அங்கேயும் சராசரிதான், கிங்ஸ் லின் மேலே போனது. யார்க் ரசிகர்களுக்கு அது வலித்திருக்கும், மறுக்கவில்லை. லீக் ஒன்னில் பீட்டர்பரோ இதே கணக்கில் ஆறாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கி பிளே-ஆஃபை இழந்தது. ஆனாலும் அவர்கள் ஆடிய ஆட்டம் ஆடிய ஆட்டமாகவே பதிவேட்டில் இருக்கிறது. ஆறாம் படிக்குச் சராசரி, ஏழாம் படிக்கு ரப்பர். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

சவுத் ஷீல்ட்ஸையாவது விடுங்கள், அவர்களுக்கு இன்னும் சில ஆட்டங்கள் பாக்கி இருந்தன. ஜெர்சி புல்ஸை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி தீவின் அணி. 2018-ல் உருவாகி, 2019-20-ல்தான் முதல் சீசன். பத்தாம் அடுக்கு, கம்பைன்ட் கவுன்டீஸ் லீக். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் கடல் தாண்டி விமானத்தில் போகவேண்டும். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை விடிகாலை விமான நிலையத்தில் நிற்கும் பையன்கள். 27 ஆட்டம் ஆடினார்கள், 27-லும் வெற்றி. அடித்தது 99 கோல், வாங்கியது 7. மேல் அடுக்குக்குப் போவது கணக்குப்படி ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. இனி எல்லா ஆட்டத்திலும் தோற்றாலும் அந்த இடம் கைவிட்டுப் போகாத நிலை. அதையும் சேர்த்து அழித்தார்கள். அடுத்த சீசனை மறுபடி அதே பத்தாம் அடுக்கில், பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள்.

இதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? நிச்சயமின்மை என்ற வாதம் இங்கே செல்லாது. முடிவாகிவிட்ட ஒன்றை முடிவாகவில்லை என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எஃப்.ஏ. வாஸ் என்பது இந்தக் கீழ் அடுக்கு அணிகளுக்கான வெம்ப்ளிக் கனவு. 2019-20 வாஸ் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளுமே நார்தர்ன் லீக் அணிகள். ஒன்று கான்செட், 1980-ல் இரும்பாலை மூடப்பட்டு நொறுங்கிப்போய் மெல்ல எழுந்த ஊர். இன்னொன்று ஹெப்பர்ன், டைன் ஆற்றங்கரையில் கப்பல் கட்டி வாழ்ந்த ஊர், சவுத் ஷீல்ட்ஸ் போகும் அதே மெட்ரோ பாதையில் இருக்கிறது. சாதாரண வருடமாக இருந்திருந்தால் இரண்டு ஊரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு லண்டனுக்குப் பேருந்து பிடித்திருக்கும். அந்த இறுதி ஆட்டம் ஒரு வருடம் தள்ளிப்போய் 2021 மே 3 அன்று, ஒரு ரசிகர்கூட இல்லாத வெம்ப்ளியில் நடந்தது. ஹெப்பர்ன் 3-2 என்று வென்றது. நல்ல ஆட்டம், நான் டிவியில் பார்த்தேன். கோல் விழும்போது அந்தப் பிரம்மாண்ட மைதானத்தில் வீரர்களின் கத்தல் மட்டும் எதிரொலித்தது. அந்த வாஸ் கோப்பை 2019-20 என்றுதான் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் அந்த சீசன் நடந்திருக்கிறது!

இதைவிடப் பெரிய முரண் அதே வருடம் வந்தது. 2021-ல் கீழ் அடுக்குகளை மறுசீரமைத்தார்கள். யாரை மேலே ஏற்றுவது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டுமே. 2020-21 சீசனும் பாதியில் நின்றுபோனது. அதனால் 2019-20, 2020-21 இரண்டு சீசன் முடிவுகளையும் சேர்த்துச் சராசரி போட்டார்கள். ஆமாம், அழித்துவிட்டோம் என்று சொன்ன அதே முடிவுகள். ஜெர்சி புல்ஸ் அப்படித்தான் கடைசியில் மேலே போனது, ஹெப்பர்னும் போனது. அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். ஆனால் ஒரு வருடம் கழித்து எடுத்துப் பயன்படுத்த முடிந்த கணக்கை, 2020 ஏப்ரலிலேயே ஏன் பயன்படுத்தவில்லை? ஏழாம் அடுக்கில் இருந்த சவுத் ஷீல்ட்ஸுக்கு இந்த மறுசீரமைப்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் ஆடித்தான் மேலே போனார்கள், 2023-ல், கெவின் பிலிப்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது. மூன்று வருடம்.

மூன்று வருடம் என்பது பெரிய கிளப்புக்கு ஒரு அத்தியாயம். இந்த அடுக்கில் ஆடும் ஒருவருக்குப் பெரும்பாலும் அதுவே வாழ்க்கையின் உச்சம். 31 வயதில் முதலிடத்தில் இருந்தவருக்கு 34 வயதில் முழங்கால் ஒத்துழைக்காது. அந்த சீசனில் அவர் அடித்த கோலை மகனிடம் காட்டச் சொன்னால் எந்தப் பட்டியலில் காட்டுவார்?

நான் கேட்பது பணமில்லை, நஷ்டஈடில்லை, பழைய கோப்பையைத் தேடி எடுத்துக் கொடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. 2019-20-க்கு ஏழாம் அடுக்கிலிருந்து பத்தாம் அடுக்கு வரை எல்லா லீகுகளின் பட்டியலையும், நின்றுபோன நாளன்று இருந்தபடியே, கால்பந்துச் சங்கம் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏற்றட்டும். "முடிக்கப்படவில்லை" என்று பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டுக்கொள்ளட்டும், அது உண்மைதான். ஆடிய ஆட்டம், அடித்த கோல், எடுத்த புள்ளி எல்லாம் அந்தந்தப் பெயருக்கு எதிரே இருக்கட்டும். ஓர் எழுத்தர் உட்கார்ந்தால் சில நாள் வேலை. விவரம் போதவில்லை என்றால் பீட் ஸ்டேஷனில் இறங்கி மரைனர்ஸ் பார்க்குக்கு வரச் சொல்லுங்கள். கம்பியோரத்தில் நிற்பவரின் கோட்டுப் பையில் ஸ்கோர், கோல் அடித்தவர், கூட்டம் எல்லாம் நீல மையில் இருக்கிறது.