மூவ்மென்ட் தயாரிப்பு நின்றுபோனால் வாட்ச் குப்பைக்கு இல்லை

"இந்த மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) இப்போது தயாரிப்பில் இல்லை, அதனால் ரிப்பேர் செய்யவே முடியாது, அதே அளவில் எதையாவது வாங்கி மாட்டிவிடுங்கள்" என்று, ஓடாமல் நின்ற பழைய குவார்ட்ஸ் வாட்ச் பற்றிய கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

பழைய குவார்ட்ஸ், அதாவது பேட்டரி வாட்ச், ஓடாமல் நிற்பதற்குப் பல நேரம் காரணம் காய்ந்துபோன எண்ணெய், அல்லது கசிந்த பேட்டரியின் உப்பு. சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலே ஓடலாம். உதிரிபாகம் எதுவும் வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது காயில், அதாவது முட்களை நகர்த்தும் மோட்டாரின் கம்பிச்சுருள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் காயிலின் இரு முனைகளிலும் வையுங்கள். நல்ல காயில் பெரும்பாலும் ஆயிரம் ஓமுக்கு மேல் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது, ஸ்க்ரூடிரைவர் சற்று வழுக்கினாலே போச்சு. அப்போதும் அதே கேலிபர் எண் (மூவ்மென்ட்டின் மாடல் எண்) உள்ள இன்னொரு பழைய வாட்ச்சிலிருந்து எடுத்துப் போடலாம். எண் மூவ்மென்ட்டிலேயே பொறித்திருக்கும்.

"அதே அளவு" என்பது விட்டம் மட்டும்தான். டயல் கால்கள் (டயலின் பின்புறம் நீட்டியிருக்கும் சிறு ஊசிகள்) வேறிடத்தில் இருந்தால் டயல் உட்காராது. முட்களின் துளை, சாவித்தண்டின் (நேரம் திருத்தும் தண்டின்) உயரம், தேதி ஜன்னலின் இடம், இவையும் பொருந்த வேண்டும். டயல் காலை வெட்டி ஒட்டச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.