குஞ்சு கீழே கிடக்குது, என்ன செய்யறது?

கோடை வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். அணில் குட்டி, காக்காக் குஞ்சு, குயில் குஞ்சு, எப்போதாவது ஒரு கூகை ஆந்தை. ஒரு காலத்தில் விலங்கு நல அமைப்பு ஒன்றோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிய பாவத்துக்கு என் நம்பர் ஏகப்பட்ட வாட்ஸப் குழுக்களில் உலவுகிறது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் இளகிய மனசுக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "ஏதாவது கொடுத்தீங்களா?" என்று கேட்டதும் வரும் பதில்தான் வயிற்றைக் கலக்கும். "ஆமா சார், பால் கொடுத்தோம். வாயில கொஞ்சம் தண்ணியும் விட்டோம்."

பறவைக்குப் பால் செரிக்காது. அதையாவது சமாளிக்கலாம், தண்ணீர் அப்போதே ஆளைக் காலி பண்ணிவிடும். ஒரு குஞ்சின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கின் அடிப்பக்கத்தில் சின்னப் பிளவு ஒன்று திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாயின் வாசல் அதுதான். மயங்கிக் கிடக்கும் குஞ்சுக்கு நாம் இங்க் ஃபில்லரில் விடும் தண்ணீர் அந்த வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சு இரண்டு முறை தலையை உதறும். "குடிச்சிடுச்சு" என்று நாம் சந்தோஷப்படுவோம்.

அணில் குட்டிக்கும் இதே கதிதான். கண் திறக்காத குட்டி கீழே விழுந்து கிடந்தால் முதலில் அதற்கு வேண்டியது சூடு. உடம்பு சில்லிட்ட குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. அதற்குப் பசும்பாலைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் பால் மூக்கு வழியாக வரும், அடுத்து நிமோனியா. எல்லாம் சரியாகச் செய்து குட்டி பிழைத்தாலும், பால் குடித்தபின் அடிவயிற்றை ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றிவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதில் அதற்குச் சிறுநீர் பிரியும். அந்த வேலையை நாம் செய்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பகல் பொழுதில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நம்மில் யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காட்டுயிரைக் காப்பாற்ற நம் ஊரில் கருணைக்குப் பஞ்சமில்லை, பயிற்சிக்குத்தான் பஞ்சம். மீட்பு வீடியோவுக்கு லட்சம் லைக் விழுகிறது. மீட்கப் பழகிய கைகளைத் தாலுகாவுக்குத் தாலுகா உருவாக்கவேண்டும் என்று கேட்க ஆளில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர் நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் எந்த உயிரையும் எங்களிடம் காட்டவில்லை. படம் படமாகப் போட்டு, "தூக்குவீங்களா, விட்டுடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்தித் தத்திப் போகும் மைனாக் குஞ்சு. எல்லோரும் ஒரே குரலில் "தூக்குவோம்" என்றோம். விட்டுவிட வேண்டுமாம். அது பறக்கப் பழகுகிற வயது. தாயும் தந்தையும் பக்கத்து மரத்திலிருந்து இறங்கி வந்து ஊட்டும். நாம் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதால்தான் அவை வராமல் இருக்கின்றன. பூனை நடமாட்டம் இருந்தால் எடுத்து ஒரு கிளையில் வைத்துவிட்டு நகர்ந்தால் போதும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பாட்டி காலத்துக் கதை. புல்லுக்குள் தனியாகச் சுருண்டு படுத்திருக்கும் புள்ளிமான் குட்டியும் பெரும்பாலும் அனாதை இல்லை. தாயே அங்கே ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். நல்ல மனசோடு நாம் அதைத் தூக்கிவரும்போது தாயிடமிருந்து பிரிக்கிறோம்.

அப்புறம்தான் கூகையை எடுத்தார். மாஞ்சா நூல் இறக்கையை அறுத்திருந்தது. ஒரு பழைய துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போட்டார். இருட்டானதும் அது அடங்கிவிட்டது. பின்பக்கமாகக் கையைக் கொடுத்து இரண்டு தொடைகளையும் சேர்த்துப் பிடித்தார், நடுவில் ஒரு விரலை விட்டு. "எல்லாரும் அலகைப் பார்த்துப் பயப்படறீங்க, கிழிக்கிறது நகம்தான்" என்றார். நெஞ்சை அழுத்தவே கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தே எத்தனையோ பேர் பறவையின் மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

மீட்பதைவிடக் கடினம் மறுவாழ்வு. கூகைக் குஞ்சைத் தினமும் கோழிக்கறித் துண்டு போட்டே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலியை எலும்போடு விழுங்கவேண்டிய பறவைக்கு வெறும் சதையைக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் எலும்பு வளைந்துவிடும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், பறக்கத்தான் முடியாது. தனியாக வளர்ந்த குஞ்சு நம்மையே தன் இனம் என்று நம்பிவிடுவதும் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் அடிபட்ட சாரஸ் கொக்கைக் காப்பாற்றிய ஒருவர் பைக்கில் போக, அது பின்னாலேயே பறந்துவந்த வீடியோவை 2023ல் நாடே பார்த்து உருகியது. கடைசியில் வனத்துறை அதை எடுத்துப்போக, கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட அன்றே அவர் கூப்பிட்டிருந்தால் ஓடிவர பக்கத்தில் பயிற்சி பெற்றவர் யாராவது இருந்தாரா என்றுதான் கேட்கத் தோன்றியது.

வளர்ப்பது ஒன்று, காட்டுக்குத் திருப்பி அனுப்புவது வேறொன்று. இலங்கையில் இரண்டையும் பார்க்கலாம். பின்னவலையில் 1975ல் தொடங்கிய யானைகள் இல்லத்தில் வளர்ந்த யானைகள் மனிதரோடே வாழ்கின்றன. 1995ல் உடவளவையில் தொடங்கிய இல்லத்தின் நோக்கமே வேறு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். பார்வையாளர்கள் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. கன்றுகள் தங்களுக்குள் ஒரு கூட்டமாகப் பழகி, ஐந்து வயதுவாக்கில் காட்டுக்குள் விடப்படுகின்றன. நூற்றுக்கும் மேல் அப்படிப் போய்விட்டன. அஸ்ஸாமில் காசிரங்கா காட்டுக்குப் பக்கத்தில் 2002லிருந்து இயங்கும் மறுவாழ்வு மையமும் இதே வழிதான். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் கன்றுகள் அங்கே வளர்ந்து மானஸ் காட்டுக்குப் போயிருக்கின்றன.

நம் முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமில் ரகு, அம்மு என்ற இரண்டு யானைக் கன்றுகளைப் பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்த கதையை ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தால் உலகமே அறியும். ஆனால் அந்தக் கைகளில்கூட எல்லாம் பிழைப்பதில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரிப் பக்கம் கூட்டத்தைப் பிரிந்த ஒரு கன்றை அவர்களிடம்தான் கொண்டுவந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. தாய்ப்பாலுக்கு மாற்று அவ்வளவு லேசில் அமைவதில்லை. அதனால்தான் அதே ஆண்டு டிசம்பரில் ஆனைமலையில் நடந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வழிதவறிய கன்றின் உடம்பிலிருந்து மனித வாடை போக வனத்துறை ஊழியர்கள் குளிப்பாட்டி, டிரோன் வைத்துத் தாயின் கூட்டத்தைத் தேடிச் சேர்த்துவைத்தார்கள். தாயை ஒட்டிப் படுத்து அது தூங்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காடறிந்த ஆட்கள் கூட்டாகச் செய்த வேலை அது.

யாருக்குப் பயிற்சி கொடுப்பது? என்னைப்போன்ற வார இறுதி ஆர்வலர்கள் வரிசையில் கடைசியில் நிற்கட்டும். எந்தச் சம்பவத்திலும் முதலில் போய் நிற்பவர்கள் தீயணைப்பு வீரர்கள், தூய்மைப் பணியாளர்கள், மின்வாரிய லைன்மேன்கள், மீனவர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டினால் ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாது. வலையை ஏற்றும்போது அசையாமல் கிடப்பதெல்லாம் செத்ததும் இல்லை. வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு மணிக்கணக்கில் காத்திருந்தால் நுரையீரல் தண்ணீர் வடிந்து சில பிழைத்துவிடும். அப்படியே கடலில் தூக்கிப்போட்டால் மூழ்கிச் சாகும். இதைப் படகுக்கு ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? பாடம் நடத்த ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 1988லிருந்து சென்னைக் கடற்கரையில் இரவிரவாக நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே உதாரணம். கேரள வனத்துறை 2020லிருந்து பாம்பு மீட்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கிறது. கொக்கியும், குழாய் செருகிய பையும்தான் கருவி. இருட்டான குழாயைப் பொந்து என்று நினைத்துப் பாம்பு தானே உள்ளே போய்விடும், கையால் பிடிக்கிற வித்தைக்கு இடமில்லை. சர்ப்பா என்ற செயலியில் பக்கத்திலுள்ள சான்று பெற்ற ஆளைத் தேடிக்கொள்ளலாம். இங்கே கோவையில் 2025 மார்ச்சில் பல வருட அனுபவமுள்ள ஒரு பாம்புபிடி வீரர் நாகம் கடித்து இறந்தார். அனுபவம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இதற்குமேல் என்ன சொல்ல?

"சான்றிதழ் கொடுத்தால் ஆளாளுக்கு வீட்டில் கிளி வளர்க்க அதையே சாக்காக்குவார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பயம்தான். ஆனால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. காட்டுயிர் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ சொல்லியாக வேண்டும். (2022 திருத்தத்துக்குப் பிறகு, காக்கை போன்றவற்றைத் தடையில்லாமல் கொல்ல இடம்கொடுத்த தீங்குயிர் என்ற பட்டியலே சட்டத்தில் இல்லை. காக்கைக்கும் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது.) இந்த 48 மணி நேரக் கணக்கே தெரியாமல், கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து அடிபட்ட பருந்தைப் பார்க்காததுபோல் போகிறவர்களும் உண்டு, ஆசையாகக் கூண்டில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பயிற்சி வந்தால் இரண்டு தரப்புக்கும் சட்டம் புரியும்.

ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் இரண்டு பேர், ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் சிலர், தாலுகாவுக்கு ஒரு கால்நடை மருத்துவர் என்று தொடங்கலாம். வண்டியில் துண்டு, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, தடித்த கையுறை, ஒரு கொக்கி, ஒரு பை. ஃப்ளெக்ஸ் பேனர் செலவில் பாதிகூட ஆகாது. எங்கள் பகுதியில் அடுத்த கோடைக்கு முன்னால் ஒரு நாள் பயிற்சியாவது நடத்தச் சொல்லி மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நகலை அனுப்புகிறேன். உங்கள் ஊருக்கும் அதையே மாற்றி எழுதிக்கொள்ளலாம்.