பாட மறுத்தவருக்கு என்ன ஆனது?

ஒரு பாடகர் அரசியல் தலைவரோடு நிற்கும் படம் வந்தால் போதும். "விலைபோயிட்டார்" என்று ஒரு கூட்டம், "நம்ம ஆளுய்யா" என்று இன்னொரு கூட்டம். அந்தப் படத்தை வைத்துக் கலைஞரை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. எடைபோட வேண்டியது அதிகாரத்தில் இருப்பவரை. அவர் கூப்பிட்டும் வராதவருக்கு, கேட்டும் பாடாதவருக்கு, முகத்துக்கு நேராகப் பேசியவருக்குப் பிறகு என்ன ஆனது? நான் பார்ப்பது அதைத்தான்.

எர்த்தா கிட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. 1968 ஜனவரியில், ஜனாதிபதி ஜான்சனின் மனைவி வெள்ளை மாளிகையில் கொடுத்த மதிய விருந்துக்குப் போயிருந்தார். குற்றங்கள் பெருகுவதைப் பற்றிப் பேச்சு. கிட் எழுந்தார். நாட்டின் நல்ல பிள்ளைகளை எல்லாம் போருக்கு அனுப்பிச் சாகக் கொடுக்கிறீர்கள், இளைஞர்கள் முரண்டு பிடிக்காமல் வேறென்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அதன்பின் அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் வற்றிப்போயின, பல ஆண்டுகள் வெளிநாடுகளில்தான் பாட முடிந்தது. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. அவரைப் பற்றி ஒரு கோப்பே வைத்திருந்த செய்தி 1975இல் வெளிவந்தது. அதில் இருந்தது பெரும்பாலும் அவருடைய அந்தரங்கம் பற்றிய வம்பு! விருந்தில் மனசில் பட்டதைச் சொன்ன ஒரு பெண்ணுக்குப் பின்னால் உளவுத்துறை. நினைத்தாலே கொதிக்கிறது.

இங்கேயும் நடந்ததுதான். நெருக்கடி நிலையின்போது, 1976இல், அரசின் பிரசாரத்துக்குப் பாட இந்தித் திரைப்படப் பாடகர் கிஷோர் குமார் ஒத்துக்கொள்ளவில்லை. அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் அவர் குரல் நின்றுபோனது.

மறுத்தால் தண்டனைதான் என்று விதியா? இல்லை. 1970 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் வெள்ளை மாளிகையில் பாடப் போனபோது, அரசு உதவியில் வாழும் ஏழைகளைக் கேலி செய்யும் ஒரு பாட்டைப் பாடச் சொல்லி அப்போதைய ஜனாதிபதி நிக்ஸன் தரப்பிலிருந்து கேட்டார்கள். கேஷ் பாடவில்லை. இளைஞர்களின் கேள்விகளுக்குக் காது கொடுக்கச் சொல்லும் தன் பாட்டைப் பாடினார். நிக்ஸன் உட்கார்ந்து கேட்டார். நிக்ஸனை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அன்றைக்கு அவர் நடந்துகொண்டது சரி.

என்னை அதிகம் அலைக்கழிப்பது ஜமைக்கா பாடகர் பாப் மார்லிதான். 1976 டிசம்பரில், எந்தக் கட்சிக்கும் சார்பில்லாமல் ஜமைக்கா மக்களுக்காக இலவசமாகப் பாட ஒத்துக்கொண்டார். பிரதமர் மேன்லியின் அரசு அதையொட்டியே தேர்தலை வைத்தது. பொதுநிகழ்ச்சி கட்சி நிகழ்ச்சி மாதிரி ஆகிவிட்டது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். மார்லி, அவர் மனைவி, மேலாளர் எல்லோருக்கும் காயம். அந்தக் காயத்தோடுதான் மேடையேறினார். பிறகு நாட்டைவிட்டே போய்விட்டார்.

அப்படிப்பட்டவர் 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டன் மேடைக்குத் திரும்பிவந்து, மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் மேலே அழைத்து, இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து உயர்த்தினார். தலைவர் கலைஞரைக் கூப்பிடவில்லை, கலைஞர் தலைவர்களைக் கூப்பிட்டார். அந்தப் படத்தில் இரண்டு தலைவர்களும் கூச்சத்தோடு நிற்பதைப் பாருங்கள்.

அடுத்த தேர்தல் 1980இல். இரண்டு கட்சிகளின் மோதலில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். "பாட்டு பாடி என்னத்தைக் கிழித்தார்?" என்று மார்லியைக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. கட்சியும் ஆட்களும் மேன்லி, சியாகா கையில் இருந்தன. மார்லியிடம் ஒரு மைக்தான் இருந்தது. அந்தச் சாவுகளுக்கு முதலில் யாரிடம் கணக்குக் கேட்க வேண்டும்?