களைப்பை வாயடைத்தால் தசை வளராது

பயிற்சிக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்கூப் ப்ரீ-வொர்க்கவுட் பவுடரைக் கரைத்துக் குடிக்கும் தம்பிகளிடம் ஏன் என்று கேட்டால், "தசைக்கு எனர்ஜி அண்ணா" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு மறுப்பு. அதில் பெரும்பாலும் வேலை செய்வது கஃபீன். அது தசைக்கு எரிபொருள் எதையும் கொடுப்பதில்லை. மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசின் வந்து உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆய்வகத்தில் ஒரு தசை இழையைக் கஃபீன் கரைசலில் போட்டால் சுருங்கும், உண்மைதான். இழைக்குள் கால்சியத்தைத் தேக்கி வைத்திருக்கும் பைகள் திறந்துகொள்கின்றன. ஆனால் அத்தனை கஃபீன் ரத்தத்தில் ஏறினால் ஆள் பிழைக்க மாட்டார்.

பயிற்சியோ தசையிடம் நேராகவே பேசுகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கால்சியம் வெளிவருகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகிறது, உடனே ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. குளுக்கோஸை உள்ளே விடும் வாசல்கள் இன்சுலின் சொல்லாமலேயே செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. சர்க்கரை நோயாளியை நடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். 1967இல் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார். தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்கானது. மருந்து எதுவும் இல்லை, வெறும் ஓட்டம்.

அதே 1967, ஜூலை 13. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், கொளுத்தும் வெயிலில், மோன் வான்டூ மலை ஏறும்போது பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தும் மதுவும் இருந்தன. ஆம்ஃபெட்டமைன் உடல் சூட்டை ஏற்றும். போதும் நிறுத்து என்ற குரலையும் அடக்கிவிடும். தசை மட்டும் சூடாகிக்கொண்டே போகும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

காபியைக் குறை சொல்லவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீன் நீண்ட ஓட்டத்துக்கு உதவும். 2004இல் விளையாட்டு வீரர்களுக்கான தடைப் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். சரி, குடியுங்கள். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பவுடர், அதற்கு மேல் இன்னொரு ஸ்கூப், அப்புறம் புழுக்கமான அறையில் கடும் பயிற்சி என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் தசை சிதையலாம்; சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசை வலி இருந்தாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, காலை வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.