கையுறை போட்டிருக்கலாமாம்

முந்தநாள் போட்ட படத்தை எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி மூன்று பேர் உள்பெட்டிக்கு வந்தார்கள். படத்தில் இருந்தது எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட் கேட்டடியில் கிடந்த ஒரு கறுப்புக் குப்பைப் பை, அதில் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான். பில்டிங் பேர் கெட்டுப்போகுமாம். குப்பை எடுக்கிற ஒருவனுடைய கை கிழிந்தது பரவாயில்லை, பேர் கிழியக் கூடாது. சரி, படம் போய்விட்டது. எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் குப்பைக்குள் உடைந்த கண்ணாடியைப் போடாதீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

பார்க்காதவர்களுக்காக: செவ்வாய்க்கிழமை காலை குப்பை லொறி வந்தது. அந்தத் தம்பி எப்போதும் ஒரு கையில் இரண்டு பை தூக்குவான். தூக்கித் தொடையில் ஒரு தட்டுக் கொடுத்து மேலே நிற்பவரிடம் எறிவான். அன்றைக்குத் தூக்கினவன் அப்படியே கீழே விட்டான். கொத்து ரொட்டி மிச்சம், மீன் முள், அதற்கு நடுவே ஒரு வைன் கிளாஸ். தண்டு முழுசாக இருந்தது, மேற்பகுதி மட்டும் இரண்டு மூன்று துண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வெட்டியிருந்தது. நான் மேலேயிருந்து துணியும் தண்ணீரும் கொண்டு இறங்குவதற்குள் லொறிக்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டார். “பரவாயில்ல மிஸ், பரவாயில்ல மிஸ்” என்றான். நான் என்னவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்ற மாதிரி.

பிறகு நமது வாட்ஸ்அப் குழு. முதல் பதில்: “அவங்க க்ளவ்ஸ் போட்டிருக்கணும்.” இரண்டாவது: “க்ளவ்ஸ் குடுக்கிறதுதானே?” மூன்றாவது: “போத்தல் ஆன்ட்டிட பையா இருக்கும்.” அதற்குக் கீழே ஏழு சிரிப்புப் பொம்மை. எண்ணினேன். ஒன்று, போன மாதம் என்னிடம் கருவேப்பிலை வாங்கிப்போன வீடு.

போத்தல் ஆன்ட்டி நான்தான். ஜாம் போத்தலைக் கழுவி, மூடியைக் கழற்றி, காயவைத்துத் தனியாகக் கட்டுகிறேன். போத்தல் பேப்பர் வாங்குகிறவர் ஒழுங்கைக்குள் வந்தால் கூப்பிட்டுக் கொடுக்கிறேன். அவர் தருகிற காசில் ஒரு பிளேன்டீ குடிக்க முடியாது, காசுக்காகக் கொடுக்கவும் இல்லை. உடைந்தது என்றால் இரண்டு மூன்று மடிப்புப் பேப்பரில் சுற்றி, பால்மாப் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, வெளியே ‘கண்ணாடி’ என்று எழுதி, பக்கத்தில் சிங்களத்திலும் ‘வீதுரு’ என்று எழுதுவேன். அப்படி ஒரு பெட்டியைப் போன வருடம் லிஃப்டுக்குள் பார்த்து, “பார்சல் லண்டனுக்கா” என்று பகிடி விட்டவர்தான் இப்போது க்ளவ்ஸ் பற்றிப் பேசுகிறார்.

எனக்குக் கண்ணாடிப் போத்தல் குப்பை என்று மனதில் பதிந்ததே இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் படித்தவள் நான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் பட்டும் படாமலும் மண்ணெண்ணெய், மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில்தான் நானும் அண்ணாவும் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தோம். ஒருநாள் நான் கைதவறிப் போத்தலை உடைத்துவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, கிணற்றடி வாழைக்கு அந்தப்பக்கம், யாரும் நடக்காத இடத்தில் குழி தோண்டிப் புதைத்தா. “ஆரின்ரையும் காலிலை குத்திப்போடும்” என்றா. எங்கள் வளவுக்குள் வந்துபோக அப்போது யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. அது வேறு கதை, விடுங்கள்.

க்ளவ்ஸ் கட்டாயம் போடத்தான் வேண்டும். மறுக்கவில்லை. யார் வாங்கிக் கொடுப்பது, எத்தனை நாளைக்கு ஒன்று என்று கேட்டால் குழுவில் சத்தமே இருக்காது. அதோடு, க்ளவ்ஸ் கையில். பை உரசுவது தொடையில்.

அடுத்தவர் வருவார்: “ஆன்ட்டி, எல்லாம் ஒரே லொறியிலதானே போகுது, பிரிச்சு என்ன?” இந்தக் கேள்வி எனக்கும் வந்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. 2017 ஏப்ரல் 14, புதுவருட தினம், கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தபோது, ஒரு வாரம் எல்லோரும் பிரித்தோம். பச்சை சாப்பாட்டுக்கு, நீலம் பேப்பருக்கு, ஒரேஞ்ச் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினார்கள். பிறகு மறந்தாயிற்று. இப்போது கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். கண்ணாடி எரியாது, சாம்பலோடு கண்ணாடியாகவே வெளியே வரும். அதையே ஹொரணையில் போத்தல் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனால் உருக்கித் திரும்பப் போத்தலாக்கலாம், எத்தனை தரமும். தேநீர்க் கோப்பைத் துண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, பல்ப், ஓவனில் வைக்கிற தடித்த கண்ணாடித் தட்டு, இதுகளைக் கலந்தால்தான் பிழை. இதையெல்லாம் சொன்னால் நான் லெக்சர் அடிக்கிறேனாம். சரி, உருக்க வேண்டாம். ஹொரணையை விடுங்கள், சுற்றாடலையும் விடுங்கள். எல்லாம் ஒரே லொறியில் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த லொறியில் தூக்கிப் போடுகிறவனுக்குக் கை இருக்கிறதா இல்லையா?

நேரமில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குழுவில் காலை வணக்கப் பூப்படம் அனுப்ப நேரம் இருக்கிறது.

எனக்கு உண்மையில் சுட்டது எது என்று சொல்லவா? அந்த மூன்றாவது பதில் எழுதியவர், ஆறு மாதம் ரொறன்ரோவில் மகள் வீட்டில் நின்றபோது, நீலத் தொட்டிக்குள் கழுவின போத்தலைப் போடுகிற படம் போட்டிருந்தார். “இங்க எல்லாம் ஒழுங்கு, நம்ம நாட்டில எப்ப வருமோ” என்று. நானும் லைக் போட்டேன். அங்கே பனிக்குள் நின்று போத்தல் கழுவினால் ஒழுங்கு. வெள்ளவத்தையில் நான் கழுவினால் பகிடி. அங்கே பிழையாகப் போட்டால் தொட்டியை எடுக்காமல் விட்டுப்போவான் என்ற பயம். இங்கே இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கையைக் கிழித்துக்கொண்டு, நமக்கே பரவாயில்லை சொல்லிவிட்டுப் போகிறான்.

என்னுடைய பையா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் வைன் கிளாஸ் இல்லை. யார் வீட்டில் சனிக்கிழமை பார்ட்டி நடந்தது என்று எனக்குத் தெரியும். பேர் எழுத மாட்டேன். அவருக்கும் தெரியும், இதை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்று காலை லொறியில் வேறொருவர் வந்தார், வயதானவர். தம்பி எங்கே என்று கேட்டேன். தையல் போட்டிருக்காம், அடுத்த கிழமை வருவானாம். இவர் கையுறை போட்டிருந்தார். வெள்ளைத் துணிக் கையுறை. உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து, நடுவிரல் நுனி வெளியே தெரிந்தது.