எழுந்து வெளியே போக என்ன கஷ்டம்?

வணிகர் சங்க நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களே, சங்கக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பேச்சுக்கு வருகிறது, கொட்டேஷன் கொடுத்திருப்பது உங்கள் மச்சான். அந்த நேரத்தில் எழுந்து வெளியே போக உங்கள் காலுக்கு என்ன வந்தது?

"நான்தான் ஓட்டே போடலையே!" இதுதான் எப்போதும் வரும் பதில். ஓட்டுப் போடாமல் அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவர் எப்படி வாயைத் திறப்பார்? நாளைக்கு உங்களிடமே கடனுக்குச் சரக்கு எடுக்க வேண்டியவர் அவர். உள்ளூர்ச் சங்கம் என்றால் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சரக்கு போடுபவர்கள், மீதிப் பேர் சம்பந்திகள். உறவு இருக்கத்தான் செய்யும், அதை யாரும் குறை சொல்லவில்லை. அஜெண்டா கைக்கு வந்ததும் சொல்லிவிடுங்கள், விவாதம் தொடங்குமுன் வெளியேறுங்கள். "இன்னார், இன்ன உறவு காரணமாக, 4-ஆம் பொருளின்போது வெளியேறினார், மீதி 7 பேர் முடிவெடுத்தனர்." மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஒன்றரை வரி, அவ்வளவுதான். உங்களைக் கழித்தால் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) வராது என்று சங்கத்தின் பைலா, அதாவது விதிமுறை, சொன்னால், அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுங்கள். பெயின்ட் ஒரு மாதம் காத்திருக்கும்.

அப்புறம், மூன்று பேரிடம் விலை கேட்டதாகக் காட்டும் அந்த மூன்று கொட்டேஷன் நாடகம். மூன்று லெட்டர்ஹெட், ஆனால் ஒரே எழுத்துப்பிழை, அயிட்டங்கள் ஒரே வரிசை, மொத்தத் தொகை மட்டும் ஒன்றைவிட ஒன்று 5 சதவீதம் கூட! யாரை ஏமாற்றுகிறீர்கள்? எத்தனை சதுர அடி, எத்தனை கோட், என்ன தரம், பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது யார் பொறுப்பு என்று முதலில் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். வந்த உறைகளைக் குழு முன்னால்தான் பிரிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒருவர் 2 கோட்டுக்கும் இன்னொருவர் 1 கோட்டுக்கும் விலை போட்டிருப்பார், யார் மலிவு என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பணத்துக்கு இரண்டு கையெழுத்து எதற்கு வைத்தார்கள்? ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிப்பதற்கு. ஊருக்குப் போகிறேன் என்று வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதும், பில்லைக்கூடப் பார்க்காமல் ஓடிபி-யை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதும் ஒன்றுதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டை மாதாமாதம் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பவர் கையெழுத்துப் போடும் அந்த இருவரில் ஒருவராக இருக்கவே கூடாது.

உறுப்பினர்களின் போன் நம்பருக்குச் சொந்தக் கடை ஆஃபர் அனுப்புகிறவர்களைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது "எல்லோரும் ஒரே விலைக்கு விற்கலாமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பல நாடுகளில் இது சட்டவிரோதம். சும்மா கேட்டுக்கொண்டு நின்றவரையும் உடந்தை என்றே விசாரணையில் எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே ஆட்சேபித்துவிட்டு நகருங்கள், ஆட்சேபித்ததை எழுத்திலும் பதிய வையுங்கள்.

யாருக்கு எதில் சொந்த லாபம், உறவு என்று முன்கூட்டியே சொல்ல வருடத்துக்கு ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. சொந்த நிறுவனங்கள், வீட்டாரின் நிறுவனங்கள், கொடுக்கல் வாங்கல், வேறு பதவிகள். நாலு தொழிலில் பங்குதாரராக இருப்பவர் அத்தனை கட்டத்திலும் "இல்லை, இல்லை" என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுக்கிறார். அந்த நாலும் தெரிந்த செயலாளர் அதை வாங்கி, பஞ்ச் பண்ணி, ஃபைலில் சொருகுகிறார்.